மேல்படியில் ஒரு கதவு

வெள்ளையா சாம்பலா என்று கேட்கிறார். மாடிப்படிக்குப் போடுகிற கதவுக்கு முதலில் கலர் கேட்கிற மனுஷனை என்ன செய்வது. போனுக்குள் அவர் முகம் பாதி, கடையின் டியூப்லைட் பாதி என்று ஆடிக்கொண்டிருக்கிறது. பெயர் வீரபாண்டி. என் வீட்டுக்காரர். பல்லி விழுந்தால் கட்டில்மேல் ஏறி நிற்கிற வீரபாண்டி. "கலர் கெடக்கட்டுங்க, பூட்டைக் காட்டுங்க" என்கிறேன். சொல்லும்போதே என் இடது கை பின்னால் போய் ஒரு வயிற்றைத் தொட்டுவிட்டு வருகிறது. இருக்கிறாள். நிறைமதி என் முதுகில் சாய்ந்து நின்று என் பின்னல் நுனியைச் சப்பிக்கொண்டிருக்கிறாள். ஒன்றரை வயசு, மேல்வரிசைப் பல் முளைத்த திமிர். நான் மேல்படியில் உட்கார்ந்திருக்கிறேன். தோள் சுவரில் முட்டி நிற்கிறது, நீட்டிய கால் எதிர்ப்பக்கக் கம்பியில் முட்டி நிற்கிறது. இடையில் எலி புகலாம், என் மகள் புக முடியாது. இந்த மாடிக்குக் கதவு கிடையாது. படி ஏறி வந்தால் நேரே ஹால். இறங்கினால் வீட்டுச் சொந்தக்கார சுந்தரவல்லி அக்காவின் முன்கூடம். அவர்கள் வாசல் கதவுதான் எங்களுக்கும் வாசல். மகன் குடும்பத்தோடு ஒன்றாக இருக்கலாம் என்று கட்டிய வீடு, ஒரே வீட்டுக்குள் நடுவில் எதற்குக் கதவு என்று விட்டிருப்பார்கள். மகன் ஓசூருக்குப் போனான், நாங்கள் வாடகைக்கு வந்தோம், நிறைமதி பிறந்தாள், நடக்கவும் தொடங்கிவிட்டாள். இன்றுவரை அந்தக் கதவு நான்தான். நாளைக் காலை ஸ்கூலுக்குப் போகிறேன். பிள்ளைக்காக எடுத்த லீவு முடிந்துவிட்டது. பொழுது சாய்வதற்குள் எனக்குப் பதிலாக ஒன்றை வாங்கி ஆக வேண்டும், வாங்கப் போனவர் கலர் கேட்கிறார்.

பூட்டைக் காட்டுகிறார். பொத்தானை அமுக்கிக்கொண்டு கதவைக் கொஞ்சம் மேலே தூக்கினால் திறக்கிறது. "ஒரு கையால திறங்க. இன்னொரு கையில பையை வச்சுக்கங்க, பைக்குப் பதிலா மதி இருக்கான்னு நினைச்சுக்கங்க." செய்கிறார். திறக்கவில்லை. மறுபடி செய்கிறார். கடைக்காரர் வந்து திறந்து காட்டுகிறார். வீரபாண்டி திறக்க முடியாத பூட்டை நிறைமதி எத்தனை நாளில் திறப்பாள் என்று நான் யோசிக்கிறேன். சமையலறைப் பாத்திர அலமாரியைத் திறக்கக் கற்றுக்கொண்டாள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கற்றுக்கொண்டாள், அதுவும் உள்ளே நான் இருக்கும்போது வெளியிலிருந்து போட. ஒரு பொத்தான் போதாது, இரண்டு வேலை வேண்டும், அமுக்குவதும் தூக்குவதும், அதுவரை சரிதான். நான் ஆட்களைக் காலைப் பார்த்துத்தான் படிப்பேன். கபடியில் எனக்கு இடது மூலை. பாடிக்கொண்டு வருகிறவளின் கண்ணைப் பார்த்தால் ஏமாந்தோம், கண் பொய் சொல்லும், கால் சொல்லாது, எந்தப் பாதத்தில் எடையை வைக்கிறாளோ அதற்கு எதிர்ப் பக்கம் பாயப் போகிறாள் என்று அர்த்தம். மாவட்டத்துக்கு ஆடி, யுனிவர்சிட்டிக்கு ஆடி, இப்போது அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து பிள்ளைகளை ஆட வைக்கிற என்னை, இந்தத் திண்டுக்கல்லில் ஏமாற்றுகிற ஒரே ஆட்டக்காரி என் முதுகில் எச்சில் வடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் காலும் பொய் சொல்கிறது. இடது பக்கம் எடை வைத்து இடது பக்கமே போகிறாள். விதி தெரியாத ஆளை எந்த விதியை வைத்து மடக்குவது.

வியாழக்கிழமை. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலியை நினைக்கலாம், அதில் சிரிக்க இடமிருக்கிறது. முதலில் எல்லார் வீட்டையும்போல நாங்களும் படிக்குக் குறுக்கே பிளாஸ்டிக் நாற்காலியைப் படுக்கப் போட்டோம். மதி அதன் காலைப் பிடித்து ஏறி, முதுகில் உட்கார்ந்து, கைதட்டினாள். அப்புறம் அரிசி டிரம். அதை அவள் தள்ளவில்லை, மூடியைத் திறந்து அரிசியைப் படியில் இறைத்தாள், படி முழுக்க அரிசி, அது இன்னும் மோசம், நானே வழுக்கினேன். அப்புறம் காலி சிலிண்டர். அதை உருட்டி விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன், அன்றைக்கே எடுத்துவிட்டேன். கடைசியில் வீரபாண்டி தன் அலுவலக மேஜையைக் கொண்டுவந்து படிக்கு நேராகப் போட்டார். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர். "நான் இங்கயே இருக்கேன்ல, பார்த்துக்குறேன்" என்றார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வியாழக்கிழமையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், கம்ப்யூட்டரை. நினைக்க வேண்டாம் என்றால் நினைப்பு கேட்கிறதா. விளக்கு வைக்கிற நேரம். கீழே சுந்தரவல்லி அக்கா வாசல் கதவின் தாழ்ப்பாளைத் தள்ளினார். தினமும் அந்த நேரத்துக்கு இரண்டு கதவையும் விரியத் திறந்து வைப்பார், லட்சுமி வருகிற நேரத்தில் அடைத்து வைக்கக் கூடாது. அந்தச் சத்தம் கேட்டால் மதிக்குக் கால் தரையில் நிற்காது, அக்கா சாம்பிராணி போட வருவார், புகை வரும், புகையைப் பிடிக்க வேண்டும். நான் அடுப்படியில் இருந்தேன். எட்டிப் பார்த்தபோது மேஜைக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து மேல்படியின் விளிம்பில் நின்றாள். ஒரு கால் படியில். ஒரு கால் காற்றில். நான் எப்படிப் போனேன் என்று தெரியவில்லை, கவுனின் பின்பக்கம் என் கையில் இருந்தது, ஒரு பொத்தான் தெறித்துப் படிகளில் குதித்துக் குதித்துக் கீழே போனது. அந்தச் சத்தம்தான். ஒவ்வொரு படியிலும் ஒரு டிக். இப்போதும் தூக்கத்துக்கு முன்னால் கேட்கிறது. காற்றில் இருந்த அந்தக் கால் அடுத்த படியைத் தேடவில்லை, அதுதான் என்னைக் கொல்கிறது, கீழே எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியவில்லை, தரை எங்கே இருந்தாலும் தன் காலுக்கு வந்துவிடும் என்று நம்பி வைத்திருந்தாள்.

"ஹலோ, இருக்கியா?" இருக்கிறேன். இப்போது கடைக்காரரே போனுக்குள் வந்துவிட்டார். நல்ல வாய். "சிஸ்டர், இத பாருங்க. சுவத்துல ஒரு ஓட்டை வேண்டாம். ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல வச்சு நாலு முனையையும் திருகினாப் போதும், அழுத்திப் பிடிச்சுக்கும். வாடகை வீட்டுக்காரங்க எல்லாரும் இதத்தான் வாங்குறாங்க." வீரபாண்டியின் முகம் பின்னாலிருந்து மலர்கிறது. ஓட்டை வேண்டாம் என்ற சொல் அவர் காதில் தேன். அதை வாங்கினால் சுந்தரவல்லி அக்காவிடம் யாரும் பேச வேண்டியதில்லை. "ஆட்டிப் பாருங்கண்ணே" என்கிறேன். ஆட்டுகிறார். அசையவில்லை. "அப்படி இல்லண்ணே. கீழ உக்காந்து, ரெண்டு கையாலயும் பிடிச்சு, முன்னும் பின்னும் இழுத்துக்கிட்டே இருங்க. எம் பொண்ணு மத்தியானம் பூராவும் அதைத்தான் செய்வா." சிரித்துக்கொண்டே உட்கார்கிறார், நல்ல மனுஷர். இழுக்கிறார். கொஞ்ச நேரத்தில் ஒரு முனை நழுவி இறங்குவதை நான் இங்கிருந்தே பார்க்கிறேன். எனக்குத் தெரியும். தள்ளி நிறுத்துவது வேறு, பிடிப்பது வேறு. புதிதாக ஆட வருகிற பிள்ளைகள் எல்லாரும் ரெய்டு வருகிறவளை நெஞ்சால் முட்டி நிறுத்தத்தான் பார்ப்பார்கள், அவள் ஒரு முறை தளர்ந்து கொடுத்தால் போதும், இவர்கள் பலம் இவர்களையே கவிழ்த்துவிடும். அழுத்தத்தில் நிற்கிற எதுவும் அழுத்தம் குறைந்தால் விழும். பிடி என்றால் உள்ளே இறங்க வேண்டும். அதுவுமில்லாமல் அந்தக் கதவுக்கு அடியில் ஒரு குறுக்குக் கம்பி தரையோடு ஓடுகிறது. மதியை இடுப்பில் வைத்துக்கொண்டு, காதில் போனை இடுக்கிக்கொண்டு, வீரபாண்டி அதைத் தாண்டி முதல் படியில் கால் வைப்பதை நினைத்துப் பார்க்கிறேன். வேண்டாம். ஓர் அறை வாசலுக்கு வைக்கலாம், படிக்கு மேலே வைக்கக் கூடாது. "திருகாணி போட்டு முடுக்குறது இருக்கா? கீழ கம்பி இல்லாதது? கதவு ஹால் பக்கம் மட்டும் திறக்கணும், படிப்பக்கம் திறக்கக் கூடாது. நெட்டுக்குத்தாக் கம்பி இருக்கணும், கால் வச்சு ஏற இடமிருக்கக் கூடாது." இருக்கிறது என்கிறார். ஒரு பக்கம் சுவரில் இறங்கும், இன்னொரு பக்கத்தைக் கைப்பிடிக் கம்பியோடு கவ்விப் பிடிக்கச் சாமான் தனியாகத் தருவாராம். அதுதான். முடிந்தது. ஐந்து நிமிஷ வேலை. எனக்கு எப்போதுமே முடிவெடுக்க அவ்வளவு நேரம்தான் ஆகும், இந்த ஊரில் மற்றவர்களுக்குத்தான் நாள் முழுக்க ஆகிறது. "அப்ப அக்கா?" என்று வீரபாண்டி குரலைத் தாழ்த்துகிறார், பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் இருந்து பேசினாலும் சுந்தரவல்லி அக்காவுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. "அங்கயே நில்லுங்க. நான் கேட்டுட்டுச் சொல்றேன்."

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. வீடு பார்க்க வந்தபோது தண்ணீர் வருமா என்று நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே அக்கா சொன்னது அது. ஊரில் எல்லா வீட்டுக்காரர்களும் சொல்வதுதான், குடிவந்த பிறகு எல்லாரும் அடிப்பதுதான். நாங்களும் அடித்தோம். பொங்கல் முடிந்து ஒரு காலண்டருக்கு ஒரே ஓர் ஆணி. வீரபாண்டி சுத்தியலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கீழே மிக்ஸி ஓடும் சத்தத்துக்குக் காத்திருந்து, அது ஓடும்போது மட்டும் அடித்தார். ஆணி பாதி இறங்குவதற்குள் மிக்ஸி நின்றது, படியில் காலடி கேட்டது. அக்கா திட்டவில்லை. அந்த ஆணியைப் பார்த்தார், சுவரில் கையை வைத்தார், ஜுரம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. "ஏந்தம்பி, இந்தச் சுவருக்கெல்லாம் கொத்தனாரா தண்ணி ஊத்துனான்? நான் ஊத்துனேன். காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, கீழருந்து குடத்துல தூக்கியாந்து. ஒரு நாள் காய விடல." அவ்வளவுதான் சொன்னார். ஆணியைப் பிடுங்கி வீரபாண்டி கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அன்றிலிருந்து எங்கள் காலண்டர் பிரிட்ஜ் கைப்பிடியில் தொங்குகிறது, பிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் தேதி ஆடுகிறது. இந்த அக்காவிடம் ஒரு ஆணிக்கு இல்லாத மனசு, மெஷின் வைத்துத் துளைக்கிற திருகாணிக்கு வருமா. எப்படி ஆரம்பிப்பது. அக்கா, ஒரு விஷயம். கூடாது, அப்படி ஆரம்பித்தால் அவர்களுக்கு முகம் இறுகிவிடும். அக்கா, மதி இருக்கால்ல. மதி இருக்கிறாள், அதுதான் தெரியுமே. அக்கா, காலி பண்ணும்போது சிமெண்டு வைத்துப் பூசித் தந்துவிடுகிறோம். காலி பண்ணுகிற பேச்சை எடுத்தால் விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு என்பார். அக்கா, நான் கேட்கவில்லை, சொல்கிறேன். ஆமாம், அதுதான். கேட்டால் இல்லை என்று சொல்ல ஓர் இடம் கிடைத்துவிடும். நான் எதற்குக் கேட்க வேண்டும். சுவர் அவர்களுடையது, பிள்ளை என்னுடையது. வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் பண்ணலாம், படிக்குக் கதவு இருக்கிற வீடு இந்த ஊரில் இல்லாமலா போகும். நாளைக்குள்ளா கிடைக்கும் என்று உள்ளே ஒரு குரல் கேட்கிறது. அதை நான் கண்டுகொள்ளவில்லை.

முதுகில் பாரம் குறைகிறது. கை பின்னால் போகிறது, இருக்கிறாள், உட்கார்ந்துவிட்டாள், என் சுடிதார் விளிம்பை மடித்து மடித்து விரிக்கிறாள். நாளைக்கு இந்த நேரம் நான் மைதானத்தில் இருப்பேன். சாயங்காலம்தான் பயிற்சி, பிள்ளைகள் ஸ்கூல் விட்டதும் யூனிபார்மை மாற்றிக்கொண்டு ஓடி வருவார்கள், செம்மண்ணில் தண்ணீர் தெளித்துக் கோடு போட்டிருக்கும், அந்த வாசனை. எனக்கு அந்த வாசனை வேண்டும். இதைச் சொன்னால் பார்க்கிறவர்கள் முகம் ஒரு மாதிரி ஆகிறது. பிள்ளையை விட்டுட்டு எப்படித்தான் இருப்பியோ என்று என் நாத்தனார் கேட்டாள், இருப்பேன், நன்றாக இருப்பேன், அவள் அப்பா கூட இருக்கிறார், அவர் என்ன அடுத்த வீட்டுக்காரரா. சோறு ஊட்டுவதில் அவரை அடிக்க ஆள் இல்லை. தூங்க வைப்பதில் நான் அவரிடம் தோற்றுப் போனேன். எனக்கு வெட்கமில்லை. ஆனால் பயம் இருக்கிறது, பயத்தையும் வெட்கமில்லாமல் சொல்கிறேன். வீரபாண்டிக்கு எல்லாம் உண்டு, அந்த ஒரு நொடி இல்லை. கண் பார்ப்பதற்கு முன்னால் கை போகிற அந்த ஒரு நொடி. அது எனக்கு மண்ணில் விழுந்து விழுந்து வந்தது, முழங்கால் தேய்ந்து வந்தது, அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போக முடியாது. அதனால்தான் கதவு. நல்ல கதவு வந்துவிட்டால் போதும், நான் கோட்டுக்கு வெளியே நிம்மதியாக நிற்பேன். கதவைத் தாண்ட வழியில்லை, இந்த மேல்படி அடைபட்டால் வேறு பாதை கிடையாது, அளந்து பார்த்துவிட்டேன், யோசித்துப் பார்த்துவிட்டேன், எல்லாப் பக்கமும் மூடியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கீழே தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது.

கதவு இரண்டும் விரிகிற சத்தம். வெளிச்சம் படியின் கீழ்ப் பாதிக்கு வருகிறது. முதுகுக்குப் பின்னால் "ஆக்கா" என்று ஒரு கத்தல். என் கால் தானாகக் கம்பியில் இறுகுகிறது, தோள் சுவரில் இறுகுகிறது, வா பார்க்கலாம், மோது. மோதவில்லை. முதுகில் யாரும் இல்லை. கை பின்னால் போகிறது, காற்று. கீழே அக்கா சாம்பிராணிக் கரண்டியோடு முதல் படியில் கால் வைத்தவர் நிமிர்ந்து பார்க்கிறார், என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பக்கத்தில் மேலே பார்க்கிறார், வாய் திறந்து நிற்கிறது. கம்பி. படி முடிந்த பிறகும் ஹாலின் ஓரத்தில் வளைந்து ஓடுகிற கம்பி, படிக்குழியை ஒட்டி நிற்கிற கம்பி, அக்கா தினமும் துணி போட்டுப் பளபளவென்று துடைக்கிற ஸ்டீல் கம்பி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைவாட்டில் ஓடுகிற கம்பி. ஏணி. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டுகிற தூரத்தில் ஓர் ஏணியை வைத்துக்கொண்டு இத்தனை நாளாய் வாசலைக் காவல் காத்திருக்கிறேன். இதெல்லாம் அப்புறம் நினைத்தது. அப்போது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வலது கை மேலே போனது, கணுக்கால் ஒன்று உள்ளங்கைக்குள் வந்தது, சின்னக் கணுக்கால், வெள்ளிக் கொலுசோடு, விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. அவள் வயிறு மேல்கம்பியில் இருந்தது, தலை படிக்குழிப் பக்கம் கவிழ்ந்திருந்தது, அக்காவின் புகையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இழுத்தேன். மடியில் விழுந்தாள். அழவில்லை, கோபம்தான், ஆட்டத்தைக் கலைத்துவிட்டேன் என்று என் கன்னத்தில் ஓர் அறை வைத்தாள். என் கை அவள் கணுக்காலை விடவில்லை. விடு என்று சொல்கிறேன், விட மாட்டேன் என்கிறது. நாளைக்கு இந்த நேரம் இந்தக் கை மைதானத்தில் இருக்கும்.

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டார். சாம்பிராணிக் கரண்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். "ஏத்தா. ஏத்தா. என்னத்தா இது" என்பதைத் தவிர வேறு வரவில்லை. நான் ஒத்திகை பார்த்து வைத்த எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. "அக்கா, படிக்கு ஒரு கேட்டுக் கதவு போடப் போறோம். சுவத்துல ஓட்டை போடணும்." "என்னயக் கேக்குறியா, சொல்றியா?" "சொல்றேங்க்கா." சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்க்கிறார். கம்பியைப் பார்க்கிறார், அதைத் துடைக்கிற தன் கையைப் பார்க்கிறார். எழுந்து மெல்ல ஏறி வருகிறார், நான் உட்கார்ந்திருக்கிற படிக்குக் கீழ்ப்படி வரைக்கும். திட்டு வரும் என்று காத்திருக்கிறேன். அவர் என் தோளுக்குப் பக்கத்தில் சுவரை விரல் முட்டியால் தட்டுகிறார். ஒரு சாண் தள்ளித் தட்டுகிறார். இன்னும் கொஞ்சம் தள்ளி. "எங்க போடப் போற?" நான் விளிம்பைக் காட்டுகிறேன். "அங்க போட்டீன்னா பெயர்ந்து வந்துரும். அது வெறும் செங்கல்லு, மேல பூச்சு. இந்தா, இங்க வா. இங்க தட்டு." தட்டுகிறேன். சத்தம் கனத்திருக்கிறது. "இது தூணு. இங்க கான்கிரீட்டு. நாந்தான ஊத்துனேன், எனக்குத் தெரியாதா எது எங்க இருக்குன்னு." மதி என் மடியிலிருந்து எட்டி அவளும் ஒரு தட்டுத் தட்டுகிறாள். போன் தரையில் கிடந்து கத்திக்கொண்டிருக்கிறது, கோதை, கோதை, என்னாச்சு, என்ன சத்தம். அக்கா குனிந்து எடுக்கிறார். போனில் அந்த முகத்தைப் பார்த்ததும் வீரபாண்டி விறைத்துப் போகிறார், கடைக்குள்ளேயே செருப்பைக் கழற்றியிருப்பார். "தம்பி, கேட்டு வாங்கியாச்சா?" "இல்லங்க்கா, சும்மா, விலைதான் விசாரிச்சுக்கிட்டு." "என்னத்த விசாரிக்கிற. திருகாணி அதுல குடுக்குறது பத்தாது, நீளமா, நல்லா உள்ள இறங்குறதா வாங்கு. அப்படியே இந்தக் கம்பிக்குக் கட்டுறதுக்கு வலை இருந்தா அதையும் வாங்கிட்டு வா, பூராத்துக்கும், கீழ வரைக்கும்." கம்பிமேல் கை வைக்கிறார். "கம்பி அழகு போகுதுன்னு நான் ஒண்ணும் சாகப் போறதில்ல." பிறகு வீரபாண்டி, "அக்கா, வெள்ளையா, சாம்பலா?" என்கிறார். நான் சிரித்துவிட்டேன். சிரிப்பில் கண்ணீர் வந்தது, வரட்டும் என்று விட்டேன்.

"நீ எந்திரி" என்கிறார் அக்கா. "போயி மூஞ்சியக் கழுவு, தண்ணி குடி. மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு." எந்திரிக்க வேண்டும் என்றால் இந்த இடத்தை விட வேண்டும். "பரவால்லக்கா, அவர் வர்ற வரைக்கும் இருக்கேன்." "ஏன், நான் உக்காந்தா ஆகாதா?" ஆகாது என்றுதான் நாக்கு நுனிவரை வந்தது. அக்காவுக்கு முட்டிவலி, குனிந்தால் நிமிர நேரமாகும், கை எவ்வளவு வேகமாகப் போகும் என்று கணக்குப் போடுகிறேன். அவர் என்னை நகர்த்திவிட்டு மேல்படியில் உட்கார்கிறார். அகலமான உடம்பு, சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் என்னைப்போல் காலை நீட்ட வேண்டிய அவசியமே இல்லை. மதியைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்து, சேலை முந்தானையை அவள் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து ஒரு முடிச்சுப் போட்டார், இறுக்கமாக, சந்தைக்குப் போகிறவர்கள் பையைக் கட்டுவதுபோல. இனி அவள் போனால் அக்காவும் போக வேண்டும். எனக்குத் தோன்றாமல் போனதே என்று ஒரு பொறாமை. நான் எழுந்தேன். கால் மரத்திருந்தது. ஹாலைக் கடக்கிறேன். இப்போது கூப்பிடுவாள், நான் அடுப்படிப் பக்கம் போனாலே அம்மா என்று வீட்டைக் கூட்டுகிறவள், இதோ கூப்பிடுவாள், கூப்பிட்டால் திரும்பிவிடுவேன், நாளைக்கும் இப்படித்தான் வாசலில் கூப்பிடுவாள், நாளைக்கும் திரும்பிவிடுவேனோ. கூப்பிடவில்லை. அடுப்படி வரை வந்துவிட்டேன், கூப்பிடவில்லை. பின்னால், கீழ்ப்படியில் வைத்த கரண்டியிலிருந்து ஏறி வருகிற புகையை அக்கா கையால் விசிறி விட, அதைப் பிடிக்கப் போய்ப் பிடிக்க முடியாமல் அவள் சிரிக்கிற சிரிப்பு மட்டும் கேட்கிறது. என்னைத் தேடவே இல்லை. வலித்தது. பொய் சொல்வானேன், நன்றாக வலித்தது. தண்ணீரை மொண்டு நின்றபடியே குடித்தேன், திரும்பிப் பார்க்காமல் முழுக்கக் குடித்தேன். அப்புறம் அலமாரியைத் திறந்து, நாளைக்குப் போட வேண்டிய டிராக் சூட்டை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தேன்.